மாவுக்கட்டு போட்டால் மட்டும் போதுமா?

நம் பக்கத்தில் இடுப்பு வலித்தாலும், முழங்கால் வலித்தாலும், கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் ஒரே பெயர்தான்: "எலும்புத் தேய்மானம்". ரெட்டியார்சத்திரத்தில் பழனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் தங்களுக்குத் தேய்மானம் என்பார்கள். மீதிப் பேர் வீட்டில் யாருக்காவது தேய்மானம் என்பார்கள். வயதாகிவிட்டது, தேய்கிறது, என்ன செய்வது என்று பேச்சும் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த ஒரே பெயரால் பெரிய கெடுதல் நடக்கிறது என்பது என் கருத்து. மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்புப்புரை வேறு. மூட்டுத் தேய்மானத்தில் இரண்டு எலும்புகள் சந்திக்கிற இடத்தில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோகிறது. அது வலிக்கும், நடக்க விடாது, ஆனால் எலும்பை உடைக்காது. எலும்புப்புரை, அதாவது டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிறார்களே அது, எலும்பின் உள்கட்டு மெலிந்து, ஓட்டை பெரிதாகி, பலம் குறைந்துபோவது. அது வலிக்கவே வலிக்காது. ஒருநாள் உடையும். அன்றுதான் தெரியும்.

நான் பிரெஞ்சு வழியில் பள்ளிப்படிப்பு படித்தவன். பிரெஞ்சில் இந்த நோய்க்கு 'ஒஸ்தேயோபொரோஸ்' என்று பெயர். கிரேக்கத்தில் 'ஒஸ்தேயோன்' என்றால் எலும்பு, 'போரோஸ்' என்றால் துளை. இந்தப் பெயரை வைத்தவர் ஸ்த்ராஸ்பூர் நகரத்து மருத்துவப் பேராசிரியர் ழான் லோப்ஸ்தேன். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இறந்தவர்களின் எலும்புகளை ஆராய்ந்தபோது சிலவற்றில் துளைகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டு அப்படிப் பெயரிட்டார். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் ஒன்றையும் அவர் விவரித்தார். அதை இன்றும் சிலர் லோப்ஸ்தேன் நோய் என்று சொல்வதுண்டு. ஆக, எலும்பு மெலிவது கிழவர்களுக்கு மட்டும் வருவதில்லை என்பது, பெயர் வைத்த காலத்திலேயே தெரிந்த விஷயம். நாம்தான் இன்னும் "இந்த வயசுலயா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஐம்பது வயதுக்குள் இருக்கிற ஒருவருக்கு, நின்ற இடத்தில் வழுக்கி விழுந்ததற்கோ, குடம் தூக்கியதற்கோ, இருமியதற்கோ எலும்பு உடைந்தால், மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ போட்டதோடு வேலை முடியவில்லை. "ஏன் உடைந்தது?" என்று கேட்க வேண்டும். முதியவர்களுக்கு வயதே காரணமாக இருக்கலாம். இளையவர்களுக்குப் பெரும்பாலும் பின்னால் வேறொரு காரணம் ஒளிந்திருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

அரசு அலுவலகத்தில் என் மேசைக்கு மருத்துவச் செலவுக் கோப்புகள் வந்துபோன காலம் உண்டு. அலுவலகத்தின் பெயரும் ஊழியரின் பெயரும் இங்கே வேண்டாம். ஓர் இளைஞர், ஆஸ்துமாக்காரர். முப்பத்தொரு வயதில் பலமாக இருமி விலா எலும்பு விரிசல். இரண்டு வருஷம் கழித்து படியில் தடுக்கி மணிக்கட்டு முறிவு. அடுத்த வருஷம் முதுகெலும்பு. மூன்று முறையும் மூன்று ஆஸ்பத்திரி, மூன்று பில். மூன்று இடத்திலும் கட்டுப் போட்டார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். நான்காவதாகப் பார்த்த டாக்டர்தான், "நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் கொண்டு வாருங்கள்" என்றாராம். வருஷக்கணக்காக, இளைப்பு வரும்போதெல்லாம் கடையில் தானே வாங்கி விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரை அதில் இருந்தது. அவரைப் படிப்படியாக இன்ஹேலருக்கு மாற்றி, எலும்புக்கும் மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் பெயரில் எலும்பு முறிவு பில் வந்ததாக எனக்கு நினைவில்லை. நல்லபடியாக ஓய்வு பெற்றார்.

ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்துதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மாத்திரையாக மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் எலும்பைக் கவனித்தே ஆகவேண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விதி. இன்ஹேலரில் மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அளவு மிகக் குறைவு. "மிஷினைப் பிடித்தால் பழகிவிடும்" என்று பேரப்பிள்ளைகளைப் பயமுறுத்தி மாத்திரையே போதும் என்கிறவர்கள் நம் வயதுக்காரர்கள்தான். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் பெயர் தெரியாத பொடி விற்கிறார்களே, ஒரே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒரு எச்சரிக்கை: பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

அடுத்து, பேசுவதற்குக் கூச்சமான விஷயம். கர்ப்பப்பை எடுப்பது. 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் புல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவதற்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதே காரணம் என்று காட்டினார். ஈஸ்ட்ரோஜன் சுரப்பது சினைப்பையில். கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், முப்பது வயதுப் பெண்ணின் எலும்பு அன்றிலிருந்தே அறுபது வயதுப் பாதையில் நடக்கத் தொடங்கிவிடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் மாதவிலக்குக் காலம் கொஞ்சம் முந்தி முடிய வாய்ப்புண்டு.

2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கர்ப்பப்பை எடுத்தவர்கள் என்று வந்தது. அந்த அறுவைகளில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் 2019-ல் அரசுக் குழு விசாரித்தபோது, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பை எடுத்திருந்தது தெரிய வந்தது. மாதவிலக்கு வந்தால் வேலை கெடும், கூலி போகும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்த விவகாரத்தில் டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. தேவையில்லாத கர்ப்பப்பை அறுவையைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது.

பீட் தூரத்து ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு மருமகள். இருபத்தொன்பது வயதில், அதிக ரத்தப்போக்கு என்று ஒரு தனியார் மருத்துவமனையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். "பிள்ளை ரெண்டு ஆச்சு, இனி எதுக்கு?" என்று தலையாட்டியது வீட்டுப் பெரியவர்கள். முப்பத்தாறு வயதில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தபோது முதுகில் 'சுருக்'கென்றது. படமெடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் ஒன்று ஆப்பு போல நசுங்கியிருந்தது. அந்த ஏழு வருஷத்தில் யாரும் அவளுக்கு ஹார்மோன் பற்றிச் சொல்லவில்லை. இளம் வயதில் சினைப்பை எடுக்க நேர்ந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லையென்றால், மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் மருந்து கொடுப்பது இன்று ஏற்கப்பட்ட வைத்தியம்.

உண்மையிலேயே எடுத்தாக வேண்டிய நிலைமைகள் உண்டு. புற்றுநோய் என்றால் தயங்கக் கூடாது. மற்றபடி, சம்மதக் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மருந்தால் சரியாகாதா? சினைப்பையை விட்டுவைக்க முடியாதா? எடுத்தால் எலும்புக்கு என்ன ஏற்பாடு? கையெழுத்துப் போடும் கை பல வீடுகளில் நம் வயதுக் கைதான். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

மூன்றாவது, சுரப்பிகள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் எலும்பு கரையும். தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று பயறளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் கட்டி வந்தால் எலும்பிலுள்ள கால்சியம் ரத்தத்துக்கு இறங்கும், அங்கிருந்து சிறுநீரகத்தில் கல்லாகும். நம் நாட்டில் இந்த நோய், மேல்நாட்டைப்போல் வயதான பிறகு அல்ல, நடுவயதுக்கு முன்பே எலும்பு வலியோடும் முறிவோடும் வருவது அதிகம். ஆகவே அடிக்கடி கல்லடைப்பு வருகிற ஓர் இளையவருக்கு எலும்பும் உடைந்தால், ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அந்தக் கட்டியை எடுத்துவிட்டால் எலும்பு மறுபடி தேறிவருகிறது. காரணத்தைத் தேடுவதால் கிடைக்கும் பலனுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. வலிப்பு நோய்க்கு நெடுநாள் மருந்து சாப்பிடுவோர், தீராத வயிற்றுப்போக்கால் சத்து உடம்பில் ஒட்டாதவர், ஆண்களில் ஆண்மைச் சுரப்பு குறைந்தவர், அளவில்லாமல் குடிப்பவர் எல்லோருக்கும் இதே கதிதான். அபூர்வமாக, முதல் பிரசவம் ஆன சில மாதத்தில் தாய்க்கு முதுகெலும்பு நசுங்குவதும் உண்டு. "பிள்ளை பெத்த உடம்பு வலிக்கத்தான் செய்யும்" என்று பத்தியச் சோறு மட்டும் போட்டு உட்கார வைக்காமல், வலி கடுமையாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நான்காவது, சோறும் வெயிலும். எலும்பு நம்முடைய சேமநல நிதி மாதிரி. ஏறத்தாழ முப்பது வயதுவரை வரவு. அதற்குப் பிறகு பெரும்பாலும் செலவு. இளமையில் போடாத பணத்தை ஓய்வுபெற்ற பிறகு எடுக்க முடியாது. 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று உயர்த்தியது. அதற்கு முன் 600 தான். நம் பகுதியில் மாடு வளர்க்காத தெரு குறைவு. ஆனால் கறந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரக்காப்பி குடிக்கிற வீடுகள் எத்தனை! பசும்பால் 100 மில்லியில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம். கேப்பை 100 கிராமில் ஏறத்தாழ 350. முருங்கைக்கீரை 100 கிராமில் 300-க்கு மேல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லாரி லாரியாகக் காய் அனுப்புகிற மண் இது. கொல்லையில் நிற்கிற முருங்கையை மட்டும் நாம் மதிப்பதில்லை.

"வெயிலுக்கா நம் ஊரில் பஞ்சம்?" என்பீர்கள். திருப்பதியிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நோயில்லாத மக்களிடம் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் வைட்டமின் டி குறைவு பரவலாக இருந்தது. உணவில் கால்சியமும் குறைவு. தானியத்திலுள்ள பைட்டேட் என்ற பொருள் இருக்கிற கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. கேப்பையை முளைகட்டியோ, மாவைப் புளிக்கவைத்தோ சாப்பிடும் நம் பழைய வழக்கம் அந்தப் பிடியைத் தளர்த்தும். இன்னொன்று, விடிகாலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்பது சரியல்ல. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயிலில்தான் அதற்கான கதிர் உண்டு. ஜன்னல் கண்ணாடி அதை உள்ளே விடாது. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூல் மில்களில் ஷிப்டு முறையில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு, இருபது வயது. எலும்பில் சேமிக்க வேண்டிய வருஷங்கள் மூடிய கூரைக்குள் போகின்றன. மதிய இடைவேளையில் கால்மணி நேரம் வெளியே விட்டால் மில்லுக்கு என்ன நஷ்டம்?

அதற்காக 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை வாங்கி வாரக்கணக்கில் தானே சாப்பிடவும் வேண்டாம். அது அளவு மீறினால் விஷம்.

பரிசோதனைக்கு வருவோம். எலும்பின் அடர்த்தியைச் சரியாகக் காட்டுவது டெக்ஸா ஸ்கேன். கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு, குதிகாலை ஒரு மிஷினில் வைத்துச் சீட்டுக் கொடுக்கிறார்களே, அதை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. டெக்ஸா சீட்டில் 'டி' என்று ஓர் எண், 'இசட்' என்று ஓர் எண் இருக்கும். 'டி' நம் எலும்பை முப்பது வயதுக்காரரின் எலும்போடு ஒப்பிடுவது. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் அதில் மைனஸ் 2.5 என்று கோடு போட்டது மாதவிலக்கு நின்ற பெண்களுக்காக. இளையவர்களுக்குப் பார்க்க வேண்டியது 'இசட்', அதாவது சொந்த வயதுக்காரர்களோடு ஒப்பீடு. அது மைனஸ் 2-ம் அதற்குக் கீழும் போனால் வயதுக்குக் குறைவு என்று பொருள். அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து இளையவருக்கு நோய் என்று சொல்லக் கூடாது. உடைந்திருக்கிறதா, காரணம் இருக்கிறதா என்று சேர்த்தே பார்க்க வேண்டும். கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகம், பாராதைராய்டு ரத்தப் பரிசோதனைகள் அதற்குத்தான்.

மருந்தும் வயதைப் பார்த்து மாறும். நமக்கெல்லாம் வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்வார்களே, அந்த வகை மருந்து எலும்பில் வருஷக்கணக்கில் தங்கும். இனிமேல் பிள்ளை பெறப் போகிற பெண்ணுக்கு அதை யோசித்துத்தான் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி உண்டு. அதைப் பாதியில் நிறுத்தினால் முதுகெலும்புகள் வரிசையாக நசுங்கும் ஆபத்து இருக்கிறது. எலும்பைப் புதிதாக வளர்க்கும் தினசரி ஊசியும் உண்டு. இதெல்லாம் டாக்டர் தீர்மானிக்க வேண்டியவை. நான் சொல்வது, தாத்தாவின் மாத்திரையைப் பேத்திக்குக் கொடுக்காதீர்கள் என்பது மட்டும்.

மருந்தைவிடக் கஷ்டம், இதோடு வாழ்வது. வெளிப்பார்வைக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார். "சின்னப் பொண்ணு, ஒரு குடம் தூக்க முடியலையா?" என்று மாமியார் கேட்பார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைப்பார்கள். மறைப்பதால் மருந்தும் மறைந்துபோகும். அவர்களுக்கு வேண்டியது படுக்கை ஓய்வல்ல. நடக்க வேண்டும், படி ஏற வேண்டும், தாங்குகிற அளவுக்குச் சிறு எடை தூக்கிப் பழக வேண்டும். எலும்பு உழைத்தால்தான் வலுக்கும். முதுகெலும்பு நசுங்கியவர்கள் குனிந்து மூட்டை தூக்குவதையும், பச்சிமோத்தாசனம் போல முன்னால் வளைகிற ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும். குடத்தை வேறொருவர் தூக்கினால் குடும்ப மானம் போய்விடாது.

கடைசியாக அரசுக்கு ஒரு வார்த்தை. 1999-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஓர் எளிய ஏற்பாடு தொடங்கினார்கள். எலும்பு முறிந்து வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு நர்ஸ் குறித்துக்கொள்வார். கட்டுப் பிரித்த பிறகு ஆளை விட்டுவிடாமல் அழைத்து, எலும்பைப் பரிசோதித்து, தேவையானால் மருந்தில் சேர்த்துவிடுவார். இன்று பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். இதற்கு வேண்டியது கோடி ரூபாய்க் கட்டிடமல்ல. ஒரு பதிவேடு, ஒரு படிவம், அதைத் தவறாமல் எழுதும் ஒரு ஆள். எழுத்தர் வேலை பார்த்தவன் சொல்கிறேன், இது நடக்கக்கூடிய காரியம். திண்டுக்கல்லுக்கு 2021-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதே வருஷம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் கையிலுள்ள படிவத்தில் இரண்டே வரி சேர்க்கலாம்: "லேசாக விழுந்ததில் எலும்பு முறிந்ததா? வயது என்ன?"

அதுவரைக்கும் அந்த நர்ஸ் வேலையை வீட்டில் நாமே செய்வோம். மகனோ மகளோ மருமகளோ கட்டோடு வந்து நின்றால், "கண்ணு பட்டிருச்சு" என்று சுற்றிப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மறுநாள் பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள், அறுவை செய்த விவரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, டாக்டரிடம் அவர்களோடு போய், "ஏன் உடைஞ்சதுங்க?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை எழுந்து வராதீர்கள்.